படத்தில் இருப்பது

ஆசிரியைக்கு வயது இருபத்தொன்பது. மாணவருக்கு ஐம்பத்தொன்று.

ஆசிரியையின் பெயர் ஷகிலா பானு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மேலப்பாளையத்தில் ஒரு மாடியறையில், பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டரும் செல்போனும் சொல்லிக்கொடுத்து வந்தார். மாணவர் குணசீலன், இருபது வருடங்களாக இணையதளங்கள் செய்து கொடுப்பவர். அவர் அந்த மாடிக்குப் படியேறி வரக் காரணமாக இருந்தவர் சவரிமுத்து.

சவரிமுத்து பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் முதலில் அவர் கண்களைக் கொண்டுபோனது. பிறகு சிறுநீரகங்களை. வாரம் மூன்று முறை ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டார். அந்த ஆஸ்பத்திரிக்குக் குணசீலன் புதிதாக ஓர் இணையதளம் செய்து கொடுத்தார். அடுத்த வாரத்துக்கான நேரத்தை நோயாளிகள் இனி அதில்தான் பதிய வேண்டும் என்று ஆயிற்று.

சவரிமுத்துவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பதிந்து கொடுத்தார். ஒரு வாரம் அவர் வெளியூர் போய்விட்டார். சவரிமுத்து தன் போனில் தானே முயன்று பார்த்தார். முடியவில்லை. யாரையும் தொந்தரவு செய்ய மனம் வராமல் இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் மூச்சு முட்டி, ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

டாக்டர் இதைக் குணசீலனிடம் போனில் சொன்னார். திட்டவில்லை. ஷகிலா பானுவின் நம்பரை மட்டும் கொடுத்து, "அவங்கதான் சவரிமுத்துவுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க. போய்ப் பாருங்க" என்றார்.

குணசீலன் போனார்.

"என் சைட்டுல என்ன தப்புன்னு நீங்கதான் சொல்லணும், டீச்சர்."

"யாருக்காகச் செஞ்சீங்க, சார்?"

"எல்லாருக்கும்தான்."

"உக்காருங்க."

ஷகிலா பானு மேசையில் இருந்த மானிட்டரைத் தடவி அணைத்தார். மௌசை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கீபோர்டுல டேப் பட்டனை அழுத்திக்கிட்டே போங்க. என்ன வருதுன்னு கம்ப்யூட்டர் வாசிச்சுச் சொல்லும். உங்க பேருக்கு ஒரு நேரம் பதிஞ்சு காட்டுங்க."

குணசீலன் அழுத்தினார்.

"பட்டன்" என்றது கம்ப்யூட்டர். "பட்டன். பட்டன். படம். படத்தில் உள்ள எழுத்துகளை உள்ளிடவும்."

என்ன எழுத்து என்று சொல்லவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி பேசியது. "நேரம் முடிந்தது. மீண்டும் முதலில் இருந்து தொடங்கவும்."

ஐந்து முறை தொடங்கினார். ஒவ்வொரு வரியும் அவரே எழுதிய தளம். ஐந்து முறையும் நடுவழியில் நின்றார்.

"எந்தப் பட்டன் எதுக்குன்னு இது சொல்ல மாட்டேங்குதே, டீச்சர்."

"நீங்க அதுக்குச் சொல்லலையே, சார்."

குணசீலன் "நாளைக்கும் வரலாமா?" என்று கேட்டார்.

ஆறு வாரம் வந்தார். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தார். படத்து எழுத்தை எடுத்துவிட்டார். இரண்டு நிமிடக் கெடுவை இருபது நிமிடம் ஆக்கினார். தவறை வெறும் சிவப்பு நிறத்தில் காட்டிக்கொண்டிருந்த இடங்களில், என்ன தவறு என்று எழுத்தில் எழுதினார். "போதுமா, டீச்சர்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஷகிலா பானு அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

தளம் மறுபடி திறந்த முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குள் நாற்பது பதிவுகள் வந்தன. குணசீலன் ஒன்றை மட்டும் தேடினார். இருந்தது. அதில் 'ஏதாவது சொல்ல விரும்பினால்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: "நானே போட்டேன். சவரிமுத்து, டிரைவர்."

மடிக்கணினியோடு நேராக மேலப்பாளையம் போய், அதை டீச்சருக்குப் படித்துக் காட்டினார்.

"புள்ளியெல்லாம் வச்சிருக்காரா?"

"வச்சிருக்கார், டீச்சர்."

"அதுக்குத்தான் ரொம்பச் சிரமப்பட்டார்" என்று ஷகிலா பானு சிரித்தார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அதான், சைட்டுல ஒரு பக்கம் போட்டிருக்கேன். கேளுங்க."

மடிக்கணினியை அவர் பக்கம் நகர்த்தினார். ஷகிலா பானு டேப் அழுத்தினார்.

"நன்றி" என்றது அது. "படம்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன படம், சார்?"

குணசீலன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்க போட்டோ, டீச்சர். நாம டாக்டரைப் பார்க்கப் போனப்ப, ஆஸ்பத்திரி கேன்டீன்ல அவர் எடுத்தது. படத்துல என்ன இருக்குன்னு எழுதி வச்சாத்தான் இது வாசிக்கும். வேலை முடிஞ்ச சந்தோஷத்துல எழுத மறந்துட்டேன்."

"இப்ப எழுதுங்க."

அவர் உடனே தட்டினார். கம்ப்யூட்டர் வாசித்தது: "பார்வையற்ற ஆசிரியை ஷகிலா பானு."

"போட்டோவில அது தெரியுதா, சார்?"

"எது, டீச்சர்?"

"பார்வை இல்லைங்கிறது."

குணசீலன் படத்தைப் பார்த்தார். நாலு நாள் முன்பு அதை அங்கே வைத்தவர் அவர்தான். இப்போதுதான் பார்த்தார்.

"இல்லை" என்றார்.

"என்ன தெரியுதோ அதை எழுதுங்க."

வெகுநேரம் பார்த்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். ஷகிலா பானு அவசரப்படுத்தவில்லை. கீழே தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்று, போனது. பிறகு கம்ப்யூட்டர் வாசித்தது:

"ஷகிலா பானு, பச்சை முக்காடு, கையில் டீ கிளாஸ். யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிக்கிறார். ஒரு தெற்றுப்பல் தெரிகிறது. சிரிப்பில் டீ தளும்பி விரலில் வழிகிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை."

ஷகிலா பானுவின் விரல் தானாக அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தது.

"இன்னொரு தடவை" என்றார்.

கம்ப்யூட்டர் இன்னொரு தடவை வாசித்தது.

"ஏதாவது மாத்தணுமா, டீச்சர்?"

"வேண்டாம், சார். எத்தனையோ பேர் என்னைப் போட்டோ எடுத்திருக்காங்க. நான் பார்த்தது இது ஒண்ணுதான்."