உப்பைப் பற்றி ஐந்து கேள்விகள்

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ரெமிஜியுஸைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். வயது இருபத்தொன்பது. பகலில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். மாலை ஐந்து மணிக்கு, தூத்துக்குடியில் ஒரு அரிசிக் கடை மாடியில், அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இலவச வகுப்பு. ஒரு பத்தியைக் கொடுத்து அதன் கீழே கேள்வி கேட்பார்களே, அந்தப் பகுதியை மட்டும்தான் அவர் எடுப்பார். அவரிடம் படித்தவர்கள் அதில் கோட்டை விட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். மனை விற்கிறோம் என்று போனில் கூப்பிடுகிறவர்களைக்கூடக் கடைசி வரை பேசவிட்டு, அதற்குப் பிறகுதான் "வேண்டாங்க" என்பார். பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் பொறுமை போய்விடும்.

பேச்சித்தாய்க்கு நேர் எதிரான சுபாவம். நாற்பத்தொரு வயது. பதினாறு வயதிலிருந்து உப்பளம். விடியுமுன் வேலைக்குப் போய், மதியம் திரும்பி, மாலையில் வகுப்புக்கு வந்துவிடுவாள். நாம் பாதி சொல்வதற்குள் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதுதான் வம்பு.

சென்ற முறை, இந்த வகுப்புக்கு வருமுன், ஒரே ஒரு கேள்வியில் அவளுக்கு வேலை தப்பிப் போனது. இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது.

அன்றைக்கு மாதிரித் தேர்வுத் தாள்களை, மதிப்பெண்களை வாசித்துத் திருப்பிக் கொடுத்தார் ரெமிஜியுஸ். நான்கு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள். திமிங்கிலம் பற்றிய பத்தியில் பேச்சித்தாய்க்கு ஐந்துக்கு ஐந்து. ரயில் பாலத்தில் ஐந்துக்கு ஐந்து. தேனீயிலும் ஐந்து.

உப்பைப் பற்றிய பத்தியில் பூஜ்ஜியம்.

வகுப்பே சிரித்தது. நான்கு பயிற்சி மையங்களைப் பார்த்துவிட்டு ஐந்தாவதாக இங்கே வந்திருந்த கார்மேகம், "யக்கா, நாளைக்கு உப்பு வாருறதுக்குத் திமிங்கிலத்தைத்தான் அனுப்பணும் போல" என்றான்.

பேச்சித்தாய் தாளை எடுத்துக்கொண்டு நேரே மேசைக்குப் போனாள்.

"சார், இது தப்பு."

"எது அக்கா?"

"பத்தியே தப்பு. கடல் தண்ணிய பாத்தியில பாய்ச்சுதாங்களாம். நம்ம பக்கம் எவன் சார் கடல் தண்ணி பாய்ச்சுதான்? போர் போட்டு நிலத்துக்குள்ள இருந்துல்ல எடுக்கோம்? பொறவு, உப்புக்குக் காத்துதான் எதிரியாம். காத்து அடிச்சாத்தான சார் தண்ணி வத்தும்? மழையில்ல எங்களுக்கு எதிரி! இதை எழுதுன ஆளு உப்பளத்துப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல."

ரெமிஜியுஸ் காத்திருந்தார். அவள் முடித்துவிட்டாள் என்பது உறுதியான பிறகு, தாளை வாங்கிப் பத்தியை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"தப்புதான்" என்றார்.

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவள் சட்டென்று மேசைமேல் குனிந்தாள்.

"அப்ப மார்க்கு?"

"பூஜ்ஜியம்தான்."

"அதெப்படி சார்? எனக்குத் தெரிஞ்ச உண்மைய விட்டுட்டு, தெரியாதவன் எழுதுன தப்பைத் திருப்பி எழுதவா?"

கார்மேகத்தால் சும்மா இருக்க முடியவில்லை. "கேள்வியில 'பத்தியின்படி'ன்னு இருக்குல்லா யக்கா. அதைப் பாத்ததும் மூளையக் கழட்டி வச்சிரணும். அதான் டெக்னிக்."

"கழட்டி வைக்கிறதுக்கா அதை இவ்வளவு தூரம் சொமந்துட்டு வாரேன்? போலே."

ரெமிஜியுஸ் தாளை மேசை டிராயரில் வைத்தார். அவள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

"அக்கா, நாளைக்கு நீங்க பாடம் எடுங்க. உப்பைப் பத்தி. அரை மணி நேரம்."

"நானா?"

"இங்க வேற யாருக்கு அது தெரியும்?"

இருபத்தைந்து வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாடிப்படி இறங்கும்போது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஒரு சின்னப் பையில் கல்லுப்பு கொண்டுவந்து மேசைமேல் கொட்டினாள். ரெமிஜியுஸ் கடைசி பெஞ்சில் போய் மாணவர்களோடு உட்கார்ந்துகொண்டார். முதல் ஐந்து நிமிஷம் பேச்சித்தாய் உப்பைக் குவிப்பதும் கலைப்பதுமாக இருந்தாள். பிறகு பேச்சு எங்கிருந்துதான் வந்ததோ.

"நல்லா கேட்டுக்கிடுங்க. நம்ம பக்கம் உப்பு எடுக்கது கடல் தண்ணியில இல்ல. நிலத்தடியில அதைவிடக் கரிக்கிற தண்ணி இருக்கு, அதைத்தான் மோட்டார் வச்சு எடுக்கோம். மழை முடிஞ்சதும் பாத்திய மிதிப்போம். வரிசையா நின்னு, தரை இறுகுற வரைக்கும், நாள் கணக்கா மிதிக்கணும். பொறவுதான் தண்ணி கட்டுவோம்."

தண்ணீர் எவ்வளவு உப்பேறி முற்றியிருக்கிறது என்று பார்க்க மேஸ்திரி மீட்டர் வைத்திருக்கிறார், தனக்கு நாக்கில் ஒரு சொட்டுப் போதும் என்றாள். அளவுக்கு மேல் முற்றினால் தண்ணீர் கசக்கும், அதை உடனே வெட்டி வெளியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் உப்பும் கசந்துபோகும் என்றாள். தென்மேற்கிலிருந்து காற்று எழும்பினால் பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள் என்றாள். கார்மேகம்கூடக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கஷ்டமான வேலைம்பாங்க. கஷ்டந்தான். ஆனா எனக்குப் பிடிச்ச வேலை. மொதமொத பாத்தி பூக்கும் பாருங்க, காலையில, தண்ணி மேல உப்பு பாலாடை கணக்கா மெல்லிசா… அதைப் பாக்கணும்னே ஓடுவேன். வெள்ளையில வெயில் பட்டு, அதையே பாத்துப் பாத்து இப்ப கண்ணு மங்குது. இன்னும் நாலஞ்சு வருசம் இதுல நின்னா பார்வை போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. கண்ணு இருக்கையிலேயே வெளிய வந்துட்டா, லீவு நாள்ல போயி, சாகுற மட்டும் பாத்தி பூக்கதைப் பாத்துக்கிட்டு இருக்கலாம்லா. அதுக்குத்தான் இந்தப் பரிச்சை எழுதுதேன்."

முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரெமிஜியுஸ் எழுந்து வந்து கரும்பலகையில் ஐந்து கேள்விகள் எழுதினார். எல்லாமே இப்போது கேட்ட பேச்சிலிருந்துதான். பத்து நிமிஷம் கொடுத்தார். பத்தொன்பது தாள்களையும் வாங்கி பேச்சித்தாயிடம் கொடுத்து, ஒரு சிவப்புப் பேனாவையும் நீட்டினார்.

"நீங்களே திருத்துங்கக்கா."

பேச்சித்தாய் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். சிவப்புப் பேனா பிடித்த பெருமையில் முகமெல்லாம் சிரிப்பு.

முதல் கேள்வி: இவர் பேச்சின்படி, உப்பு எடுக்கும் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது? பத்தொன்பதில் பதினொரு பேர் 'கடல்' என்று எழுதியிருந்தார்கள். பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். இதையாவது சிரித்து விட்டுவிடலாம்.

ஐந்தாவது கேள்வி: இவர் பேச்சின்படி, உப்பள வேலையை விட்டுவிட நினைப்பது ஏன்?

முதல் தாளில் 'வேலை மிகவும் கடினம் என்பதால்' என்று இருந்தது. அடுத்ததில் 'வறுமை காரணமாக.' அதற்கடுத்ததில் 'பாதங்கள் புண்ணாகிவிட்டதால்.' பாதத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 'அரசு வேலையில் பாதுகாப்பு உண்டு' என்று முத்து முத்தாக எழுதியிருந்தான் கார்மேகம். கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண், 'தன் பிள்ளைகளையாவது படிக்கவைக்க வேண்டும் என்பதற்காக' என்று எழுதியிருந்தாள். பேச்சித்தாய்க்குப் பிள்ளைகள் கிடையாது.

பத்தாவது தாளுக்கு மேல் பேனா நகர மறுத்தது. அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. எப்படியோ பத்தொன்பதையும் முடித்து, எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"சார், எல்லாரும் என் மூஞ்சியத்தான பாத்துட்டு இருந்தாங்க?"

"ஆமாக்கா."

"இந்தப் பிள்ளை அழக்கூடச் செஞ்சுது. நான் சொன்னது ஒருத்தருக்கும் எட்டலையே. உப்பளத்துக்காரின்னா இப்படித்தான் இருப்பான்னு அவங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. அதை எழுதிக் குடுத்திருக்காங்க. அதுக்கு நான் எதுக்கு சார் அரை மணி நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசினேன்?"

ரெமிஜியுஸ் காத்திருந்தார். அவள் மூக்கை உறிஞ்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகு கேட்டார்.

"அஞ்சாவது கேள்விக்கு என்ன மார்க் போட்டீங்க?"

"பூஜ்ஜியம். பத்தொம்பது பேருக்கும்."

"அவங்க எழுதினதெல்லாம் பொய்யா?"

"பொய்யின்னு எப்படிச் சொல்ல? கால் புண்ணாகத்தான் செய்யுது. என்கூட வேலை பாக்குறவங்கள்ல பாதிப் பேரு பிள்ளைகளுக்காவத்தான் கெடந்து கஷ்டப்படுதாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா நான் அதைச் சொல்லலியே!"

கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டான். முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

ரெமிஜியுஸ் டிராயரைத் திறந்து, முந்தின நாள் வாங்கிவைத்த தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மேலே சிவப்பில் பூஜ்ஜியம். கீழே அவள் கையெழுத்தில் ஐந்து பதில்கள். நிலத்தடி நீர். மழை. ஐந்துமே உண்மை.

பேச்சித்தாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசிக் கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கீழேயிருந்து கேட்டது. மற்றவர் வாக்கியத்தை முடித்துவைத்தே பழகியவள், இந்த முறை பத்தியை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

படித்து முடித்து, சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப இதை எழுதுன ஆளு சொன்ன தப்பை யாரு சார் திருத்துறது?"

"நீங்கதான்" என்றார் ரெமிஜியுஸ். "முதல்ல அவர் பேசி முடிக்கட்டும், அக்கா."