படத்தில் நிறைந்த ஏரி

இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை. ராஜா காலத்தில் செயற்கைக்கோள் ஏது? ஆனால் இதை எனக்குச் சொன்ன செல்லப்பாண்டியன் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறாமல் சொல்வார். பொய் சொல்கிறவர்களுக்கு அவ்வளவு ஞாபகம் இருக்காது. கோளாறு கதையிலா, என்னிடமா என்று குழம்பிக் கடைசியில் அவர் சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

வெண்கரை நாட்டை அடலேறு வர்மர் ஆண்டுவந்தார். பட்டம் ஏறியதும் அவர் செய்த முதல் காரியம், வானத்தில் ஒரு செயற்கைக்கோளை ஏற்றியது. நாட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வெயில் அடிக்கும், ஜனங்கள் மனுவோடு வருவார்கள். மேலிருந்து பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை. அரசரின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நாட்டின் புதுப் படம் ஒன்று சபையில் மாட்டப்படும். அதைப் படித்துச் சொல்வது செவ்வந்தியின் வேலை. வாய்த்துடுக்குக்காரி. அவள் பேச்சுக்கு அரசர் சிரிப்பார் என்பதால் வேலையில் நீடித்தாள்.

சுவரில் வரிசையாகப் படங்கள். முதல் படத்தில் தலைநகரை ஒட்டிய பெரிய ஏரி தாம்பாளம் மாதிரி இருந்தது. பிறகு வாழையிலை ஆனது. பிறகு வெற்றிலை. இப்போது வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பு அளவு. காய்ந்த ஏரியின் நடுவில் பெரிய கூரை ஒன்று முளைத்திருந்தது. மந்திரி அனந்தமூர்த்தியின் மாளிகை. அது நனையக் கூடாதென்று, ஆற்றிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் வரும் மதகை மூடிப் பூட்டிக் காவலும் போட்டிருந்தார். இதற்கு அவர் வளர்ச்சி என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த வருஷம் பிறந்தநாளுக்குப் பக்கத்து நாட்டுத் தூதர் வருவதாக இருந்தது.

"படத்தில் ஏரி நிறைந்திருக்க வேண்டும். என் அப்பா காலத்தில் இருந்த மாதிரி!" என்றார் அரசர்.

"சுலபம் அரசே. மதகைத் திறந்தால் போதும்" என்றாள் செவ்வந்தி.

மந்திரி துள்ளி எழுந்தார். "அதைவிடச் சுலபமாக ஒன்று இருக்கிறது பிரபு. நீலத் துணி!"

நாட்டிலுள்ள நெசவாளர் அத்தனை பேரும் நீலத் துணி நெய்தார்கள். காய்ந்த தரையெல்லாம் துணி. மந்திரி வீட்டார் ஊருக்குள் வந்து தங்கிக்கொள்ள, மாளிகைக் கூரைமேலும் துணி.

"கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுக்கும் படமும் உண்டு. அதில் தண்ணீர் கறுப்பாக விழும், துணி வெளுப்பாக விழும்" என்று சொல்லிப் பார்த்தாள் செவ்வந்தி.

"கண்ணுக்குத் தெரியாததை அரசர் எதற்கம்மா பார்க்க வேண்டும்?" என்றார் மந்திரி.

பிறந்தநாள் வந்தது. படம் மாட்டப்பட்டது. கரை தளும்பும் நீல ஏரி! தூதர் வாயைப் பிளந்தார். பூரித்துப்போன அரசர் அங்கேயே ஆணை பிறப்பித்தார். "இனி இந்தப் படத்தில் இருப்பதே உண்மை. இல்லாதது இந்த நாட்டிலேயே இல்லை. கல்லில் வெட்டி வாசலில் வையுங்கள்!"

அந்த நேரம் பார்த்து ஏரிக்குக் கீழே பயிர் வைத்தவர்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் மூக்கையா.

"சாமி, நாத்து கருகுது. இன்னும் நாலு நாள் தாங்காது. ஏரியில சொட்டுத் தண்ணி இல்ல."

மந்திரி படத்தைக் காட்டினார். "கண் தெரியவில்லையா? ஏரி நிறைந்திருக்கிறது. அரசாணை!"

மூக்கையா படத்தை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியே அதைக் கொஞ்சம் சாய்ச்சு எங்க வயலுக்கு ஊத்தச் சொல்லுங்க சாமி."

காவலர்கள் அவர் தோளைப் பிடித்தார்கள். செவ்வந்தி எழுந்தாள்.

"அரசே, இவர்களை விடுங்கள். எனக்கு வேறு ஒரு சின்ன விஷயம். ஏரிதான் நிறைந்துவிட்டதே, இனி மதகுக்குப் பூட்டு எதற்கு, காவல் எதற்கு? வீண் செலவு. திறந்து போட்டுவிடலாமா?"

மந்திரியின் முகம் வெளுத்தது. "கூடாது! கூடவே கூடாது!"

"ஏன் மந்திரியாரே? நிறைந்த ஏரிக்கு இன்னும் தண்ணீர் வந்தால் வழிந்து போகும். அவ்வளவுதானே?"

"இல்லை... அங்கே... நடுவில்..."

தூதர் ஆவலோடு கழுத்தை நீட்டினார். "நடுவில் என்ன இருக்கிறது?"

மந்திரி தூதரைப் பார்த்தார். அரசரைப் பார்த்தார். அரசர் சபை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றுமில்லை" என்றார் மந்திரி.

"பிறகென்ன, திறக்கட்டும்" என்றார் அரசர். தூதர் எதிரில் வேறென்ன சொல்வார்?

ஆள் போனான். மதகு திறந்தது. விருந்தில் பாயசம் பரிமாறும்போது மந்திரி வீட்டுக் காவல்காரன் சொட்டச் சொட்ட ஓடிவந்தான்.

"ஐயா, மோசம் போனோம்! கூடத்துல கெண்டை மீன் துள்ளுது!"

மந்திரி இலையை விட்டு எழுந்து அலறினார். "பிரபு! என் வீடு! என் வீடு முழுகுகிறது!"

செவ்வந்தி படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் பிடித்தாள். "எந்த வீடு மந்திரியாரே? இதில் கொஞ்சம் தொட்டுக் காட்டுங்கள்."

சபையில் பாயசம் உறிஞ்சும் சத்தம்கூட நின்றது. அரசர் மந்திரியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பலே! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"முழுகின அந்த வீட்டையே கொடுங்கள் அரசே."

"அதை வைத்து என்ன செய்வாய்?"

"ஒன்றும் செய்ய மாட்டேன். என் வீடு தண்ணீருக்குள் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இனி யாரும் அதைக் காப்பாற்ற மதகைப் பூட்ட வேண்டாம்."

மூக்கையாவின் நாற்று பிழைத்தது. அடுத்த வருஷப் படத்துக்குத் துணி தேவைப்படவில்லை.

போன மாதம் செல்லப்பாண்டியன் இதை மறுபடி சொல்லி முடித்தபோது, இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேவிட்டேன்.

"ராஜா காலத்துல செயற்கைக்கோள் இருந்ததைக்கூட நம்பிட்டேன்யா. தன் மந்திரி வீடு ஏரிக்குள்ள முழுகுதுன்னு கேட்டு ஒரு ராஜா சிரிச்சார்ங்கிறீரே, அது எந்த நாட்டுல?"