பேச்சித்தாயின் மசக்கையும் நாலு வைத்தியர்களும்

பேச்சித்தாய்க்கு மசக்கை. கண் திறந்தால் குமட்டல், தாளிப்பு வாசனை பட்டால் வாந்தி. வயிறாரச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. ஒரு கவளம் ரசஞ்சோறு உள்ளே போய் உள்ளேயே தங்கினால் போதும் என்று ஏங்கிக் கிடந்தாள், பாவம்.

அவளுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அதன் பெயர் சடையாண்டி, அவள் புருஷன். அவனுக்கு விருமன், ஒச்சான், தொத்தன் என்று மூன்று தம்பிகள். நாலு பேருக்கும் மனசு தங்கம். மூளையைப் பற்றி மந்தாரப்பட்டியில் யாரும் பேசுவதில்லை.

மருத்துவச்சி காத்தாயி சடையாண்டியிடம் சொன்னாள்: “காலையில அவ கால் தரையில படுறதுக்கு முன்னாடி ஒரு கை பொரி திங்கக் குடுப்பா. இஞ்சிச் சாத்துல தேன் விட்டுக் கொஞ்சம் குடு. சோத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக் குடு.”

மறுநாள் பேச்சித்தாய் விழித்தபோது கட்டில் அந்தரத்தில் நின்றது. காலுக்கு ஒருவராக நாலு பேரும் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

“இறக்கி விடுங்க!”

“பொரி திங்காமக் கால் தரையில படக் கூடாது மதினி,” என்றான் விருமன்.

“சரி, பொரி எங்க?”

பொரி அடுக்களையில் இருந்தது. “நான் போய் எடுத்தாறேன்,” என்றான் ஒச்சான்.

“நீ விட்டா கட்டில் சாயும். மதினி கால் தரையில படும்,” என்று தடுத்தான் விருமன்.

“அப்பக் கட்டிலோட போவோம்.”

நிலைவாசலுக்குள் கட்டில் நுழையவில்லை. சுவரை இடித்துவிடலாம் என்றான் தொத்தன். கடப்பாரை எடுக்கவும் ஒரு ஆள் போக வேண்டுமே என்று சடையாண்டி வருத்தப்பட்டான். தலை கிறுகிறுத்துப்போன பேச்சித்தாய் குதித்து இறங்கி, கொல்லைப்புறம் ஓடி, வெறும் வயிற்றையே கக்கினாள்.

மத்தியானம் சோறு வந்தது. தட்டில் ஒரே ஒரு பருக்கை.

“கொஞ்சமாத்தான் இருக்கா?” என்று கேட்டான் சடையாண்டி.

ஒச்சான் குனிந்து பார்த்தான். “அதிகந்தான் அண்ணே. ரெண்டா உடைச்சிரு.”

பேச்சித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகப்பையை எடுத்து நாலு பேரையும் வெளியே விரட்டினாள். அன்றிலிருந்து தலைமாட்டிலேயே பொரியை வைத்துக்கொண்டு தானே தின்றாள், இஞ்சிச் சாற்றைத் தானே கலக்கிக் குடித்தாள். சில நாளில் குமட்டல் அடங்கியது. ஒரு பெரிய கிண்ணம் ரசஞ்சோற்றோடு நிம்மதியாக உட்கார்ந்தாள்.

வாசலில் அழுகைச் சத்தம் கேட்டது.

“வாந்தி வந்ததாலதான பிள்ளை இருக்குன்னாங்க?” என்று விம்மினான் சடையாண்டி. “இப்ப வாந்தியைக் காணோமே!”

“மருந்து இருக்குறவரைக்கும் வாந்தி வராது அண்ணே,” என்றான் விருமன். “மருந்தைத் தீர்த்துக் கட்டு.”

சடையாண்டி பிள்ளைப் பாசத்தில் செம்பிலிருந்த இஞ்சிச் சாறு முழுவதையும் மடக்மடக்கென்று குடித்தான். கண் பிதுங்கியது. வேலியோரம் ஓடிக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான்.

தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தொத்தன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“மதினி, பயப்படாதீங்க! பிள்ளை எங்கயும் போகல. அண்ணன்கிட்டதான் இருக்கு!”

“சந்தோஷம். பத்திரமாப் பாத்துக்குங்க,” என்றாள் பேச்சித்தாய், இன்னொரு கரண்டி ரசம் ஊற்றியபடி.

சடையாண்டியைக் கட்டிலில் கிடத்தினார்கள். வளைகாப்புக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்று விருமன் வளையல்காரரைத் தேடிக் கிளம்பினான்.

“தம்பி,” என்று ஈனசுரத்தில் கூப்பிட்டான் சடையாண்டி. “பச்சையாப் பாத்து வாங்கு. செவப்பு என் கைக்கு எடுப்பா இருக்காது.”