மண் மூடிய கன்று

அந்தக் காலத்தில், மண்ணுக்கும் மரத்துக்கும் விலங்குக்கும் வாயிருந்தபோது, வடகோடி நிலமும் மற்ற நிலங்களைப் போல அடிவரை மெத்தென்றுதான் இருந்தது. பனி பெய்யும், கோடையில் உருகும்; உருகிய நீரை மண் குடித்துக் கீழே இறக்கிக்கொள்வாள். அவளுக்கு ஒரே ஒரு வழக்கம்: தன்மேல் விழுந்ததைத் தின்பாள், தின்றதைப் புல்லாக்கித் திருப்பித் தருவாள். இதில் அவள் வேண்டியவர், வேண்டாதவர் பார்த்ததில்லை. இரக்கமும் பார்த்ததில்லை. அதனால்தான் அங்கே எல்லோருக்கும் வயிறு நிறைந்தது.

அந்தப் புல்வெளியில் உடம்பெல்லாம் சடை தொங்கும் யானைகள் மேய்ந்தன. அவற்றில் ஒருத்தி நுவா. அவளுடைய தலைக்கன்று ஆற்றோரச் சேற்றில் புதைந்து மூச்சடைத்துச் செத்தது. அதன் கடைவாயில் குடித்த பால்கூடக் காயவில்லை. மந்தை நகர்ந்துவிட்டது, நுவா நகரவில்லை.

“அக்கா, இவனைத் தின்னாதே,” என்று மண்ணிடம் கெஞ்சினாள்.

“அதை மட்டும் கேட்காதே, நுவா. உன் தாயைத் தின்றேன். அந்தப் புல்லில்தான் உனக்குப் பால் சுரந்தது.”

“அவளைத் தின்றபோது நான் வாய் திறந்தேனா? இவனை விழுங்கிய சேறு யாருடையது? கொன்றதும் நீ, தின்பதும் நீயா?”

புழுக்கள் அதற்குள் கன்றின் காதருகே வந்துவிட்டன.

அந்தப் பக்கமாகக் குளிர் வந்தான். பனிக்காலம் முடிந்தால் நடையைக் கட்ட வேண்டிய விருந்தாளி அவன். நிலையாக ஓர் இடம் கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தான்.

“உள்ளே படுக்க இடம் கொடு, அம்மணி. நான் இருக்கும் வீட்டில் எதுவும் அழுகாது.”

“எத்தனை நாளைக்கு?”

“நுழைந்தால் கிளம்ப மாட்டேன். மேலே ஒரு முழம் மட்டும் கோடையில் உனக்கு விட்டுத்தருகிறேன். மானத்தை மறைக்க அது போதும்.”

பக்கத்தில் நின்ற ஊசியிலை மரம் பதறியது. “ஏய், என் வேர் கீழே இருக்கிறது! ஒருத்தி அழுகிறாள் என்று எல்லோரையும் பட்டினி போடுவாயா?”

“நீ வாயை மூடு. உன் விதையில் பாதியை அணில் கொறிக்கிறது, ஒருநாளாவது அழுதாயா?” என்று மண் சீறினாள்.

மரம் சொன்னது சரி என்று மண்ணுக்குத் தெரியும். சரியாகப் பேசுகிறவர்கள்மீதுதான் கோபம் முதலில் பாயும். அவள் கன்றை இழுத்து மூடிக்கொண்டு குளிருக்கு வழிவிட்டாள்.

புழுக்கள் விறைத்தன. அடுத்த கோடையில் உருகிய நீர், இறங்க வழியின்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியது. மரத்தின் வேர் கீழே முட்டிப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் படர்ந்தது; மரம் சாய்ந்தது. உயர்ந்த புல் அழிந்து பாசி படர்ந்தது. யானைகளுக்கு அது பல்லிடுக்குக்கும் போதவில்லை.

சில கோடைகள் கழித்து, மந்தையோடு போயிருந்த நுவா எலும்பும் சடையுமாகத் திரும்பி வந்து, கன்று கிடந்த இடத்தில் மண்டியிட்டாள்.

“அக்கா, அவனைத் தின்றுவிடு. புல் கொடு. மந்தையில் இன்னும் கன்றுகள் இருக்கின்றன.”

மண் முயன்றாள். முக்கினாள், முனகினாள். மேலே கட்டம் கட்டமாக விரிசல் விட்டது. கற்கள் துருத்திக்கொண்டு எழும்பின. குளிர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

“சொல்லிவிட்டுத்தானே வந்தேன்?” என்றான். அதில் பொய்யில்லை.

“முடியவில்லை, நுவா.”

“அப்படியென்றால் என்னை அவன் பக்கத்தில் வை,” என்று சொல்லி நுவா படுத்தாள். இளகிக் கிடந்த மேல்மண் அவளை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. மண் மூடிய கடைசி யானை அவளல்ல.

அன்று முதல்தான் வடகோடி மண் கோடையிலும் ஒரு முழத்துக்குக் கீழே கல்லாக உறைந்து கிடக்கிறது. மரங்கள் சாய்ந்து நிற்க, வெடித்த தரை கற்களைத் துப்புகிறது. எப்போதாவது ஆற்றங்கரை சரியும்போது, சடை கலையாத ஒரு கன்று வெளியே வருகிறது, தூங்குவதுபோல. அதைத் தேடி வரத்தான் ஒரு யானையும் இல்லை.