வெள்ளிக்கிழமை குளோசிங்

எடைமேடைச் சாமியிடம் கேள்வி கேட்டால் பதில் வாயிலிருந்து வராது. எழுந்துபோய் ஏதாவது செய்வார். புரிந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார். புரியாதவர் மறுபடி வருவார்.

நாமக்கல் புறவழிச் சாலையில், லாரிகளுக்கு எடை போட்ட மேடை ஒன்று மூடிக் கிடந்தது. அங்கே சீட்டு எழுதிய ரங்கதுரை, வேலை போன பிறகும் அந்த ஒற்றை அறையிலேயே தங்கிவிட்டார். அதிகம் பேசாதவர். பேசாத ஆளைச் சாமி என்று சொல்ல நம் ஊரில் எத்தனை நாள் ஆகும்? நாற்பது வயதுக்குள் சாமியாகிவிட்டார்.

ஒருமுறை டிரைவர் ஒருவன் வந்தான். "கோவம் வந்தா கண்ணுமண்ணு தெரியலீங்க சாமி. என்ன பண்றது?"

சாமி வெளியே போய், அவன் பைக்கின் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவன் மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். வீடு போய்ச் சேர்வதற்குள் அவனுக்குப் பதில் கிடைத்திருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணிக்கும் கிடைத்தது. சக்கரம் இரண்டு, கிலோமீட்டர் மூன்று. இருபத்து மூன்று.

தெய்வசிகாமணிதான் சாமிக்கு முதல் சீடர். சாமியைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நான்கு வருடமாகச் சாமிக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான். அறையைக் கூட்டுவார், பானையில் தண்ணீர் நிரப்புவார், பிறகு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாமியின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியும் ஒரு பக்தி உண்டா என்று ஊரே மெச்சியது.

அந்தப் பக்தியின் மறுமுனை மேகநாதனின் டயர் பட்டறையில் இருந்தது.

பெங்களூரில் அனந்தவேகா டெக் என்று ஒரு கம்பெனி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் பங்கு என்ன விலையில் முடிகிறதோ, அந்த விலையின் கடைசி இரண்டு எண்களை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பைசா கணக்கில்லை. சரியாகச் சொன்னால் ஒன்றுக்கு எழுபது. பட்டறையில் பந்தயம் கட்டிய யாரிடமும் அந்தக் கம்பெனியின் ஒரு பங்குகூடக் கிடையாது. அது என்ன தயாரிக்கிறது என்பதும் தெரியாது.

"கம்ப்யூட்டருக்குள்ள என்னமோ பண்றானுங்க. நமக்கெதுக்கு?" என்பான் மேகநாதன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, சாமி மூன்று வேர்க்கடலையைத் தின்றுவிட்டு எட்டைக் காக்கைக்குப் போட்டார். சிகாமணி விளையாட்டாக முப்பத்தெட்டு கட்டினார். விழுந்தது. மறுநாளே சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சாமி காலில் விழுந்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட விழவில்லை. சாமி சரியாகத்தான் சொல்கிறார், நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்தார்.

சிகாமணியின் தங்கை பூங்கோதை குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை வளர்க்கிறாள். பதினோரு வருடம். அந்தச் சம்பளத்தில் முதலைப்பட்டிப் பக்கம் மூன்றரை சென்ட் இடம் வாங்கி, அண்ணன் பேரில் பவர் எழுதிக் கொடுத்திருந்தாள். வருகிற தையில் திரும்பி வந்து வீடு கட்டப்போகிறாள். அந்தப் பத்திரம் இப்போது ஒரு பைனான்ஸ்காரரின் பீரோவில் இருந்தது. மூன்று லட்சம் கடன். திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடத்தை அவருக்கே எழுதிக் கொடுப்பதாகக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. வாரா வாரம் பட்டறைக்குப் போனது போக மிச்சம் ஐயாயிரம். ஐயாயிரம் எழுபது மடங்கானால் மூன்றரை லட்சம். அந்தக் கணக்கு மட்டும் சிகாமணிக்குத் தப்பாமல் வந்தது.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சாமி சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்கண்ணா."

என்ன கேட்பது என்று யோசித்து வந்திருக்கவில்லை. சாமியின் கை அசைந்தால் போதும். வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"ஒருத்தர் நம்பிக் குடுத்த பொருளை எப்படிங்க காப்பாத்தறது?"

சாமி வலது கையை நீட்டி ஐந்து விரலையும் விரித்தார். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்கினார். மூடிய கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஈ ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்தது. கை திறக்கவில்லை.

ஐந்து. பிறகு மூடிய கை, உருண்டையாக, பூஜ்யம் மாதிரி.

சிகாமணி எழுந்துவிட்டார்.

"வர்றேனுங்க சாமி."

"அண்ணா."

சாமி கூப்பிடுகிற ஆள் இல்லை. சிகாமணி வாசலில் திரும்பிப் பார்த்தார். சாமி மூடிய கையை அவர் பக்கம் இன்னொரு தடவை தூக்கிக் காட்டினார்.

"புரிஞ்சுதுங்க சாமி. நல்லாவே புரிஞ்சுது."

பட்டறையில் மேகநாதன் செல்போனை டயர் அடுக்கின்மேல் சாய்த்து வைத்திருந்தான்.

"வாங்க சிகாமணியண்ணா. இன்னிக்குச் சாமி தும்முனாரா, விக்குனாரா?"

"அம்பது. ஐயாயிரம்."

"ஒரே நம்பருக்கா? பாதியை வேற எதுக்காச்சும் போடுங்கண்ணா. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"எழுதுடா."

மூன்றே காலுக்கு விலை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று. பிறகு நாற்பத்து மூன்று. மூன்று இருபத்தெட்டுக்கு நாற்பத்தொன்பது. மூன்றரைக்கு மார்க்கெட் நின்றபோது திரையில் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது நின்றது.

சிகாமணி டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "சாமி, சாமி" என்று புறவழிச் சாலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டார். பட்டறை ஆட்களுக்கெல்லாம் டீ சொன்னார். பைனான்ஸ்காரருக்குப் போன் போட்டு, "பத்திரத்தை எடுத்து வைங்க, நாளைக்குக் காலையில வர்றேன்" என்றார்.

மேகநாதன் மட்டும் டீயைத் தொடவில்லை. "பொறுங்கண்ணா" என்றான்.

கடைசியாக எந்த விலைக்குக் கைமாறியதோ அது குளோசிங் அல்ல. கடைசி அரை மணி நேர வியாபாரத்துக்குச் சராசரி போட்டு, மார்க்கெட் நின்ற பிறகுதான் முடிவு விலையைச் சொல்வார்கள். நான்கு வருடமாகக் கட்டியவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐம்பது வந்து நின்றதே, அது எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது.

டீ ஆறுவதற்குள் முடிவு விலை வந்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து நான்கு.

"டீக்காசு நான் குடுத்துக்கறேன், விடுங்க" என்றான் மேகநாதன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சிகாமணி எடைமேடைக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"அம்பதுன்னு காட்டுனீங்களே சாமி."

சாமிக்கு விளங்கவில்லை.

"அஞ்சு விரலைக் காட்டி மூடுனீங்க. போறப்பக் கூப்பிட்டு மறுபடியும் காட்டுனீங்க. நாப்பத்து நாலுல முடிஞ்சிருக்கு. என் தங்கச்சி இடம் போச்சு சாமி."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பட்டறை, பந்தயம், பவர், பத்திரம். எல்லாம் முடிந்த பிறகு சாமி கேட்டார்.

"எத்தனை நாளாங்கண்ணா?"

"நாலு வருசமா."

"நான் செஞ்சதெல்லாமா?"

"எல்லாந்தானுங்க."

சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன மாசம் காய்ச்சல்ல கெடந்தேன். ராவும் பகலும் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. கூடப் பொறந்தவன்கூட இப்படி இருக்க மாட்டான்னு நெனச்சேன்."

சிகாமணி அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். சாமி விடவில்லை.

"அன்னிக்குமா?"

"தெர்மாமீட்டர் நூத்தி ரெண்டு காட்டுச்சுங்க."

"ரெண்டு கட்டுனீங்களா?"

"ஆமாங்க."

"விழுந்துச்சா?"

"இல்லீங்க சாமி."

சாமி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சிகாமணி அப்படியே உட்கார்ந்து சாமியின் காலைப் பிடித்துக்கொண்டார். "பைனான்ஸ்காரன் காலைப் புடிச்சாவது ஒரு வாரம் தவணை வாங்கிடறேன். ஐயாயிரம் எங்கயாச்சும் பொரட்டிக்கறேன். வர்ற வெள்ளிக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வாயால சொல்லிருங்க சாமி, எனக்குப் படிக்கத் தெரியல."

சாமி காலை இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். நான்கு வருடத்தில் அப்படி அவர் உட்கார்ந்ததில்லை.

அப்போது சிகாமணியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பூங்கோதை. வெள்ளிக்கிழமை அங்கே அவளுக்கு வேலை குறைவு. சாயங்காலத்தில் கூப்பிடுவாள். எந்த மூலையில் அடுப்பு, எந்தப் பக்கம் வாசல் என்று பேசுவாள்.

"எடுங்கண்ணா" என்றார் சாமி.

"எடுத்து என்னன்னு சொல்லுவேன் சாமி?"

"என்கிட்ட சொன்னதை."

சிகாமணி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அடித்தது. நின்றது. உடனே மறுபடி அடிக்கத் தொடங்கியது. அவர் கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது. கண் போனில் இல்லை, எங்கோ இருந்தது. உதடு மட்டும், ஒவ்வொரு மணிக்கும், மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

சாமி அந்த உதட்டைப் பார்த்தார்.

"எண்ணாதீங்கண்ணா. எடுங்க."