காய்ச்சல் இல்லாத நெருப்பு

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருந்த உறுப்புகளுக்கெல்லாம் வாய் இருந்தது. எந்நேரமும் ஒரே சளசளப்பு. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிட்ட ஒருத்தி கொழுப்பக்கா. வயிற்றோரம் அவளுடைய கிடங்கு. சாப்பாட்டில் மிஞ்சியதை வாங்கிப் பானைகளில் வைப்பாள். பட்டினி வந்தால் எடுத்துக் கொடுப்பாள். "இடமில்லை" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

பிறகு பட்டினி வருவது நின்றுபோனது. மிச்சம் வருவது மட்டும் நிற்கவில்லை.

"அம்மாடி, க்ஹூம், இன்னும் கொஞ்சம்தான்," என்று தொண்டையைச் செருமுவார் கல்லீரல் மாமா.

"கொண்டாங்க மாமா. இடத்துக்கா பஞ்சம்?"

பானைகள் பலூன் மாதிரி உப்பின. காற்றுப் புக வழியில்லை. கடைசியில் ஓரத்துப் பானை ஒன்று 'பட்' என்று வெடித்தது.

சத்தம் கேட்டு வெள்ளணுக் காவலர்கள் வந்து நின்றார்கள். அவர்களுடைய தலைவர், மீசை இல்லாமலே மீசையை முறுக்குகிற ஆள். "யாரும்மா உள்ள புகுந்தது? கிருமியா?"

கொழுப்பக்கா உடைந்த பானையை முந்தானையால் மறைத்தாள். யாரும் புகவில்லை, இடம்தான் போதவில்லை என்று சொல்லிவிட்டால் இத்தனை நாள் எடுத்த பெயர் என்னாவது?

"இருக்கும்ங்க," என்றாள். "தேடிப் பாருங்க. ஆனா காய்ச்சல், வலின்னு ஊரைக் கூட்டிடாதீங்க. அக்கம்பக்கம் என்ன நினைக்கும்?"

"சரி, கமுக்கமா முடிச்சிடுவோம். ஆனா எதிரியைப் பிடிக்காம திரும்புற வழக்கம் எங்களுக்குக் கிடையாது."

நெருப்பு மூட்டிப் புகை போட்டார்கள். இல்லாத எதிரி எப்படி வெளியே வருவான்? மேலும் காவலர்களை வரவழைத்தார்கள். மேலும் புகை. அது இரத்தத் தெருவில் இறங்கித் தசையண்ணன் வீட்டுக்குள் நுழைந்தது. அவர் இருமிக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினார்.

அந்த நேரம் பார்த்து, சர்க்கரையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள் இன்சுலின். கணையத்து வீட்டுப் பெண்.

"அண்ணே, திறங்க. சாப்பாடு வந்திருக்கு."

"இருமல்ல ஒண்ணும் கேக்கல, போ."

தட்டித் தட்டி அவள் கை வீங்கியது. உள்ளே தசையண்ணனுக்குப் பசி. வெளியே சர்க்கரை திருவிழாக் கூட்டமாக நெரிந்தது.

இதைப் பார்த்ததும் கொழுப்பக்காவுக்குப் பெயரும் வேண்டாம் பெருமையும் வேண்டாம் என்றாகிவிட்டது. தலைவரிடம் ஓடினாள். "ஐயா, கிருமியே இல்லை. என் கிடங்குதான் நிறைஞ்சுபோச்சு. நிறுத்துங்க."

தலைவர் சிரித்தார். "இப்ப இப்படிச் சொல்றீங்க. அன்னைக்கு ஏன் ரகசியமா தேடச் சொன்னீங்க? பானையெல்லாம் இறங்கட்டும், மூலைமுடுக்கு பார்த்துட்டுக் கிளம்புறோம்."

பானைகளில் இருப்பதைச் செலவழித்து இறக்கத் தசையண்ணன்தான் எழுந்து வந்து உழைக்கவேண்டும். அவரோ கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்துதான், அளவு மீறி நிறைந்த கொழுப்பில் காய்ச்சலும் வலியும் காட்டாமல் ஒரு நெருப்பு கனன்றுகொண்டே இருக்கிறது. இன்சுலின் தட்டத் தட்டக் கதவு திறக்காமல், சர்க்கரை தெருவிலேயே நிற்கிறது.