ரோசம்மாவின் கை

“செத்தவன் போயிட்டான். அவன் மேல இருக்கிற கோபம் ஏன் போகலம்மா?”

மாடசாமி இதைக் கேட்டபோது குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

குரு சீடனைவிட இளையவர். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான பெண்மணி. பேர் வடிவாம்பாள். ஆற்றோரம் சின்னதாக ஒரு மடம் நடத்தினார். பசி என்று வந்தவர்களுக்குச் சோறு போட்டார். கேள்வி என்று வந்தவர்களுக்குச் சில சமயம் பதில் சொன்னார். எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். அவர் மாடசாமியை அண்ணே என்று கூப்பிட்டார். வயதுக்குக் கொடுத்த மரியாதை அது. சீடனாகச் சேர்ந்த பிறகும் மாறவில்லை.

மாடசாமி எதையும் மறக்கிற ஆள் இல்லை. எப்போதோ ஒரு சலூனில் அவரைப் பாதிச் சவரத்தில் உட்கார வைத்துவிட்டு ஓர் ஏட்டையாவைக் கவனித்தார்கள். அந்தக் கடை வழியாக அவர் பிறகு போனதே இல்லை. கடைக்காரர் காலமாகி, அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. இன்றைக்கும் எதிர்ச் சாரியில்தான் நடப்பார்.

சவரிமுத்து மேல் இருந்த கோபம் அந்த ரகம் இல்லை. அது உள்ளே குடிவந்து, வாடகையும் கொடுக்காமல், காலியும் செய்யாமல் இருந்தது.

இருவரும் ஒரே பட்டறையில் இருபது வருஷம் படம் வரைந்தவர்கள். கடைப் பலகை, கட்சித் தட்டி, வீட்டுப் பெரியவர்களின் உருவப் படம், எது வந்தாலும் முறை ஒன்றுதான். முகம் சவரிமுத்து போடுவார். கை மாடசாமி போடுவார். முகம் வராதவன் கை போடுகிறான் என்று ஊரில் கேலி பேசினார்கள். போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். முகத்துக்கு ஒரு சிரிப்பை வைத்து ஒப்பேற்றிவிடலாம். ஒரு விரல் பிசகினால் ஆளே பொய்யாகிவிடும்.

ஒருவர் பங்கில் மற்றவர் தூரிகை வைக்கக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். ஒரு தடவை மாடசாமி டைபாய்டில் படுத்துவிட்டார். அவர் எழுந்து வரும்வரை கையில்லாத தலைவர்கள் சுவரோரம் சாய்ந்து காத்திருந்தார்கள். வாடிக்கைக்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். சவரிமுத்து ஒரு நகம்கூடப் போடவில்லை.

பிறகு பட்டணத்தில் நடந்த கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார்கள். நெல் குத்துகிற பெண்கள். அதற்குப் பரிசு கிடைத்தது. மேடையில் சவரிமுத்துவின் பேரை மட்டும் கூப்பிட்டார்கள். அவர் ஏறினார். மாலை போட்டார்கள். மைக் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். இறங்கிவிட்டார்.

கீழே புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மாடசாமியின் பேர் அந்த மைக்கில் வரவில்லை. அவர் எழுந்து பஸ் ஏறினார். பட்டறைப் பக்கம் திரும்பவே இல்லை.

சவரிமுத்து ஆள் அனுப்பினார். மேடையில் நாக்கு எழும்பவில்லை என்று சொல்லச் சொன்னாராம். நாக்கு எழும்பாதவனுக்கு மாலைக்கு மட்டும் கழுத்து எப்படி நீண்டது என்று மாடசாமி கேட்டு அனுப்பினார். மறுபடியும் ஆள் வந்தது. ஒரு படம் பாதியில் நிற்கிறது, வந்து முடித்துக் கொடு என்று. மாலை வாங்கினவனே அதையும் போட்டுக்கொள்ளட்டும் என்றார். அதன் பிறகு வந்த ஆட்களை அவர் வாசலோடு அனுப்பினார்.

முப்பது வருஷம் போனது. போன வருஷம் சவரிமுத்து இறந்தார். மாடசாமி சாவுக்கும் போகவில்லை.

இப்போது சவரிமுத்துவின் படம் ஒன்றைப் பட்டணத்துப் பெரிய ஓவிய அருங்காட்சியகத்தில் மாட்டியிருக்கிறார்களாம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்க்கிறார்களாம். டீக்கடையில் இதைக் கேட்ட நாளிலிருந்து மாடசாமிக்குச் சோறு இறங்கவில்லை. அவன் படம் என்றால் அதில் இருக்கிற கை யாருடையது?

“அங்க போய் நாலு பேர் முன்னால சொல்லணும்மா. அந்தக் கை என்னோடதுன்னு. சொல்லிட்டா இது அடங்கிரும்.”

குரு முறத்தை இறக்கி வைத்தார்.

“சரி, போவோம். படம் பார்த்து எனக்கும் ரொம்ப நாளாச்சு.”

பஸ்ஸில் மாடசாமி தான் சொல்லப்போவதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் டீ வாங்கிக் கொடுத்தபோது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச காலமாக அவருக்குக் கை நடுக்கம்.

அருங்காட்சியகத்து வாசலில் காவலர் குருவின் தூக்குவாளியை நிறுத்தினார். உள்ளே என்ன என்று கேட்டார். புளிச்சோறு என்றார் குரு. உள்ளே விட முடியாது என்றார் காவலர்.

“அதுக்குப் படம் பார்க்கத் தெரியாது தம்பி. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்.

எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு குழுவாக அழைத்துப் போனார்கள். விளக்கம் சொல்ல வந்தவர் மெஹருன்னிசா என்ற இளம்பெண். கைத்தறிச் சேலையும் மெல்லிய குரலுமாக இருந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், எதையும் தொடக் கூடாது, கேள்வி இருந்தால் ஒரு படத்தைச் சொல்லி முடித்த பிறகு கேட்கலாம் என்றார்.

குழுவில் ஈரோட்டுக்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல அகலம். எந்தப் படத்துக்குப் போனாலும் முதலில் போய்க் கயிற்றை ஒட்டி நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் குருவின் தலை அவர் தோளைக்கூட எட்டவில்லை.

“இதுவரைக்கும் கட்டம் போட்ட சட்டை ஒண்ணுதான் பார்த்திருக்கேன்,” என்றார் குரு மெதுவாக. “அங்க என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்கண்ணே.”

மாடசாமி எட்டிப் பார்த்துச் சொன்னார்.

“ஒரு ராஜா. சுண்டுவிரல் கட்டைவிரல் தண்டி இருக்கு.”

அடுத்த படத்தில், “ஒரு பொண்ணு வீணை வாசிக்குது. அந்தக் கையை வெச்சு உப்புக்கூட அள்ள முடியாது.”

“முகம் எப்படி?”

“முகத்தை நான் பார்க்கலம்மா.”

குரு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

கடைசிக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க ஒரே படம். இதைத் தேடித்தான் நிறையப் பேர் வருகிறார்கள் என்றார் மெஹருன்னிசா. சவரிமுத்துவின் பேரைச் சொன்னார். மாடசாமி வேட்டியை இறுக்கிக்கொண்டார். ஈரோட்டுக்காரர் கயிற்றோரம் போய் நின்றார். குரு வழக்கம்போலப் பின்னால் நின்றார்.

“என்னண்ணே இருக்கு?”

“ஒரு அம்மா. குனிஞ்சு சாப்பாடு பரிமாறுறாங்க.” மாடசாமியின் குரல் தணிந்தது. “ரோசம்மா. சவரியோட அம்மா.”

பட்டறைக்கு மத்தியானச் சோறு ரோசம்மா வீட்டிலிருந்துதான் வந்தது. இரண்டு இலை போடுவாள். ஒரு நாள் முதல் கரண்டி மகனுக்கு என்றால் மறுநாள் மாடசாமிக்கு. அந்த முறையை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

“முகம் பார்த்துட்டீங்க,” என்றார் குரு. “கை எப்படி இருக்கு? நீங்க போட்டதுதானே?”

மாடசாமி கால் விரலில் எம்பிப் பார்த்தார். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார்.

“கை இல்லம்மா.”

“இல்லன்னா?”

“முழங்கைக்குக் கீழ வெறும் துணி. வண்ணமே ஏறல. கரண்டி அந்தரத்துல நிக்குது.”

மெஹருன்னிசா அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். கை ஏன் இல்லை என்று பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். கொடுக்கிற கை வெளியே தெரியக் கூடாது என்பதற்காக ஓவியர் விட்டுவிட்டார் என்று ஒருவர் எழுதினாராம். அது தனக்கும் பிடித்திருக்கிறது என்றார்.

“ஆனா அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். யார் கேட்டாலும், இன்னும் முடியலன்னு சொல்வாராம். நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்கல. முப்பது வருஷம், கடைசி வரைக்கும் பட்டறைச் சுவர்ல சாய்ச்சே வெச்சிருந்தார். கீழ பாருங்க, கையெழுத்துகூடப் போடல. பேர் இருக்கிற இந்தப் பலகை நாங்க வெச்சது.”

“ரெண்டு கை போடறதுக்கு அவருக்கு முப்பது வருஷம் பத்தலீங்களா?” என்றார் ஈரோட்டுக்காரர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து, பின்னால் நிற்கிற அம்மாவுக்குப் படம் தெரியவில்லை, தள்ளி நில்லுங்கள் என்றார். அவர் வெட்கத்தோடு நகர்ந்தார்.

குரு முன்னால் வந்தார். மாடசாமியும் கூட வந்தார். படம் இப்போது முழுதாகத் தெரிந்தது.

“பென்சில் கோடு மாதிரி தெரியுதே,” என்றார் குரு.

வெறும் துணியில் இரண்டு கை பென்சிலில் வரைந்திருந்தது. வலது கைக் கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கிணற்றுக் கயிறு இழுத்து வளைந்துபோன விரல் அது. வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு மத்தியானம், கண்காட்சிக்குப் போவதற்கு முந்தின வாரம், இலையில் சோறு காத்திருக்க மாடசாமி எழுந்து போய்ப் போட்ட கோடு. சோறு ஆறுதுடா என்று ரோசம்மா திட்டினாள். வண்ணம் பிறகு, முதலில் கண்காட்சி முடியட்டும் என்று மாடசாமி சவரிமுத்துவிடம் சொன்னார்.

சேலை கோடு வரைக்கும் வந்து நின்றிருந்தது. இலை நின்றிருந்தது. சோற்றின் ஆவி நின்றிருந்தது. முப்பது வருஷத்தில் ஒரு பொட்டு வண்ணம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று மெஹருன்னிசா கேட்டார்.

“இவர் ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்கார்,” என்றார் குரு.

எல்லோரும் மாடசாமியைப் பார்த்தார்கள். மெஹருன்னிசா பக்கத்தில் வந்து, சொல்லுங்க ஐயா என்றார்.

மாடசாமி வாயைத் திறந்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் அங்கே இல்லை. வேறு வார்த்தையும் இல்லை. கூட்டம் என்று சொல்லவும் முடியாது, பத்துப் பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆனால் நாக்கு மேல் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. காது இரைந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

கும்பிட்ட பிறகுதான் தன் கைகளைப் பார்த்தார்.

மற்றவர்கள் வெளியே நகர்ந்தார்கள். மாடசாமி மெஹருன்னிசாவின் பின்னால் போய், மெல்ல ஒன்று கேட்டார்.

“அந்தக் கையை இப்ப யாராவது போட்டுக் கொடுத்தா…”

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்குவமாகச் சொன்னார்.

“இங்க வந்துட்டா, வந்தபடியேதான் இருக்கணும் ஐயா. போட வேண்டியவரே வந்து நின்னாலும் விட மாட்டாங்க.”

வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. குரு டோக்கனைக் கொடுத்துத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார். ஈரோட்டுக்காரரும் மனைவியும் கேன்டீன் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் வந்தார்கள். உட்காருங்கள், நிறைய இருக்கிறது என்றார் குரு. அவர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டு உட்கார்ந்தார்கள்.

மாடசாமி தள்ளி உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்து நடுங்கின.

“எத்தனை ஆள் அனுப்பினான்,” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. “ஒரு தடவை போயிருக்கலாம். ஒரு மத்தியானத்து வேலைம்மா அது.”

குரு வாழையிலையைக் கிழித்து ஈரோட்டுக்காரர்களுக்கும் தனக்கும் போட்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். தூக்குவாளியைத் திறந்து, கரண்டியை அதில் வைத்து, மாடசாமியின் பக்கம் நகர்த்தினார்.

“போடுங்கண்ணே.”

மாடசாமி திடுக்கிட்டார்.

“நானா? என் கை நடுங்கறது தெரியலையாம்மா? பாதி மண்ணுலதான் விழும்.”

குரு தன் இலையை எடுத்து அவர் கைக்குக் கீழே, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்தார்.

“பாதி இலையில விழும்ல. போடுங்க.”